மெட்டு உங்கள் அலமாரியில் இருக்கிறது

வானொலி நிலைய ஒலிநாடாக் காப்பறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுத் தாலாட்டுப் பதிவுகளைக் கேட்டு நாங்கள் எழுதிய கடிதங்கள் தங்கள் பார்வைக்கு வந்தவைதாம். "நாடா எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கவும்" என்று இந்த முறையும் ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. எண் இருப்பது தங்கள் பதிவேட்டில். பதிவேட்டை வெளியாருக்குக் காட்டுவதில்லை. பிறகு அந்த எண்ணுக்கு நாங்கள் எங்கே போவது?

பாட்டின் வரிகளைக் கேட்கவில்லை. தாலாட்டில் வரும் மாமன் சீரும், கொண்டுவிக்கப் போன (கடல் கடந்து வணிகத்துக்குப் போன) அப்பச்சியும் (அப்பாவும்) அச்சில் பத்திரமாக இருக்கிறார்கள். அச்சில் ஏறாதது மெட்டு. 'ஆராரோ'வில் எந்த எழுத்தை இழுப்பது, மூச்சை எங்கே விடுவது, தொட்டில் ஆட்டத்துக்கு அடியை எப்படி நெருக்குவது, இதெல்லாம் ஆச்சிமார் குரலில்தான் உண்டு.

இப்போது கைமாறுபவை கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றிய பிரதிகள். ஓட்டம் 6 விழுக்காடு கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். மூன்றாவது பிரதியில் இரைச்சல் கூடி, குரலின் நெளிவுகள் அதில் மூழ்கிவிடுகின்றன. அதைக் கேட்டுப் பழகும் பிள்ளைகள் பிழையான மெட்டையே பாடமாக்குகிறார்கள். அதனால்தான் மூல நாடாவைக் கேட்கிறோம்.

மூல நாடாவும் காத்திருக்காது. சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் நாடாவின் அடித்தளம் அசிடேட் என்ற பிளாஸ்டிக், இல்லையென்றால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிடேட்டில் புளித்த காடி வாடை வந்தால் நாடா சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைச் சூடாக்கவே கூடாது. 1970, 80களின் பாலியெஸ்டர் நாடாக்கள் பலவற்றில் காற்றின் ஈரம் ஏறி, ஒலி பதிந்த பழுப்புப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை இளகியிருக்கும். ஓட்டினால் கிறீச்சிடும், கருவியில் ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாக அப்பும். அந்தப் பழுப்புதான் பாட்டு. துடைத்தெடுத்தால் திரும்ப வராது. அப்படிப்பட்ட நாடாவைச் சுமார் 50 டிகிரியில் 8 மணி நேரம், வெப்பம் ஏறாமல் இறங்காமல் வைத்து எடுத்து, ஆறவைத்து, சில வாரங்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். முதல் ஓட்டமே 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் டிஜிட்டல் பதிவாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கச்சேரி என்றால் பாடகர், ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாம் அறிவிக்கிறார்கள். தாலாட்டு என்றால் "கிராமியப் பாடல், பெண்கள் குழு", அவ்வளவுதான். பாடியவளுக்குப் பெயர் கிடையாதா? ஊர் கிடையாதா? அன்றைக்கு எழுதாமல் விட்டதால்தான் இன்றைக்கு ஊரைச் சொன்னாலும் தேட முடியவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரரான பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படச்சுருள்களை நாடு நாடாக அலைந்து திரட்டி, ஆவணப்படமாக 1940ல் திரைக்குக் கொண்டுவந்தார். அவர் பிறந்த மண்ணின் தாலாட்டு ஒரே கட்டடத்துக்குள் இருந்தும் கைக்கு எட்டவில்லை என்றால் மனம் கொதிக்கத்தான் செய்கிறது.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாடாக்களை வெளியே கொடுக்கச் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். 'பெண்கள் குழு' என்ற பதிவுகளைத் தங்கள் ஊழியர் முன்னிலையில், பதிவாகும்போதே கேட்க விடுங்கள். பேச்சையும் சொல்லையும் வைத்து ஊரை அடையாளம் சொல்லக்கூடிய ஆச்சிமார் காரைக்குடியிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களை அழைத்துவருவது எங்கள் பொறுப்பு.

ஐப்பசி மழை பிடித்துக் காப்பறையில் ஈரம் ஏறும் முன் பதிவேட்டைக் காட்டும்படி மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு நாட்டுப்பாடல் ஆர்வலர்கள்,
காரைக்குடி