சாமந்திப்பூவும் மணிச்சத்தமும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "உன் மக கழுத்துல என்னடி தேர்த் தொம்பை மாதிரி?" என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறாய். சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். பட்டை பட்டையாக ரிப்பன், அதில் கோத்த மணிகள், நடுவில் குட்டிக் கரடி பொம்மை, அவள் பெயர், பள்ளியின் பெயர் என்று எல்லாமாகச் சேர்ந்து முழங்கால் வரை தொங்கும். இங்கே டெக்சஸில் பள்ளியின் ஹோம்கமிங் வாரத்தில் போட்டுக்கொள்ளும் இதற்கு 'மம்' என்று பெயர். கிரிசாந்திமம் என்பதன் சுருக்கம், அதாவது நம்ம சாமந்தி. அந்தக் காலத்தில் பையன்கள் நிஜச் சாமந்தியை ரிப்பனில் கட்டிப் பெண்களுக்குக் கொடுப்பார்களாம். டெக்சஸ்காரர்கள் அதை வருஷத்துக்கு வருஷம் பெரிதாக்கி, சட்டையில் குத்த முடியாத கனத்துக்குக் கொண்டுவந்து, இப்போது மாலையாகவே மாட்டிக்கொள்கிறார்கள். பூவும் துணிப்பூவாகிவிட்டது. கடையில் வாங்கினால் நூறு டாலரைத் தாண்டும். அதனால் இரண்டு ராத்திரி க்ளூ கன்னும் கையுமாக உட்கார்ந்து நானே செய்தேன். ரிப்பனுக்குப் போட்டது நாலுகால் பின்னல். வேப்பமரத்தடியில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஹோம்கமிங் என்பது பழைய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வரும் வாரம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்), சனிக்கிழமை ராத்திரி டான்ஸ். இங்கே ஃபுட்பால் ஊர்த் திருவிழா மாதிரி. பக்கத்து ஊரான ஆலனில் பள்ளிக்கூட அணிக்காக 6 கோடி டாலரில், 18,000 பேர் உட்காரும் மைதானம் கட்டி 2012ல் திறந்தார்கள். ஆனாலும் படிப்பை விட்டுவிட்டு ஆட முடியாது. 1984லிருந்து டெக்சஸில் சட்டமே இருக்கிறது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் அந்தப் பிள்ளை போட்டியில் இறங்கக் கூடாது. பேண்டு வாசிப்பவர்களுக்கும் அதுதான் விதி. என் மகள் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். ஆகஸ்ட் வெயிலில் தார் தளத்தில் நடந்து நடந்து பழகி, கால் கொப்புளத்தோடு வந்து நின்றாள். அப்போதும் அல்ஜீப்ராவைத்தான் முதலில் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பெப் ராலி, அதாவது ஆட்டத்துக்கு முன்னால் அணியை உற்சாகப்படுத்தப் பள்ளியே கூடும் கூட்டம். பேண்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் வரலாம் என்றார்கள், போனேன். கூரை போட்ட பெரிய விளையாட்டுக் கூடம். நாலு பக்கமும் படிப்படியாக இருக்கை, வகுப்புவாரியாகப் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்வரிசை, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மூலை. டிரம் அடிக்கிறவர்கள் உள்ளே நுழைந்தார்கள் பார், நம்ம ஊரில் தேர் நகரும்போது மேளம் நெஞ்சுக்குள்ளே அடிக்குமே, அதே அதிர்வு. மாலை போட்ட நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகள் குதிக்க, அத்தனை மணியும் சேர்ந்து குலுங்கின. எந்த வகுப்பு அதிகமாகக் கத்துகிறது என்று போட்டி. தலைமையாசிரியரே மைக்கைப் பிடித்து, "கேட்கவில்லை, இன்னும் சத்தமாக!" என்கிறார். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. பேசினவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைத்த லீடர்தானேடி நான். ஒரு பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் டிரில் டீம் வந்தது. முப்பது நாற்பது பெண்கள் தோளோடு தோள் கோத்து ஒரே வரிசையில் நின்று, நெற்றிக்கு மேலே கால் போகிற மாதிரி ஆடுவார்கள். இந்த வகை ஆட்டத்தைப் பெரிதாக்கியது கஸ்ஸி நெல் டேவிஸ் என்ற ஆசிரியை. இங்கிருந்து கிழக்கே கில்கோர் என்ற சின்ன ஊர்க் கல்லூரியில் 1940ல் ஆரம்பித்தார். ஃபுட்பால் போட்டியின் இடைவேளையில் கூட்டம் எழுந்து போகாமல் இருக்க ஏதாவது செய்யுங்கள் என்று கல்லூரி கேட்டதற்கு அவர் கொடுத்த பதில் அது. அந்த வரிசையைப் பார்த்த நேரமெல்லாம் எனக்கு உன் நினைவுதான்.

டான்ஸைப் பற்றித்தான் நீ பயந்து பயந்து கேட்டிருக்கிறாய். நானும் பயந்தேன். பதினைந்து வயசுப் பெண்ணை ராத்திரி பதினொரு மணி வரை டான்ஸுக்கு அனுப்புவதா என்று வீட்டில் மூன்று நாள் பேச்சு. கடைசியில் மேற்பார்வைக்குப் பெற்றோர் வேண்டும் என்று கேட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடந்தது. வாசலில் அடையாள அட்டையும் டிக்கெட்டும் பார்த்து, பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். வெளியே போனால் திரும்ப வர முடியாது. உள்ளே, நாம் நினைத்ததெல்லாம் ஒன்றுமில்லை. பத்துப் பத்துப் பேராக வட்டம் கட்டிக்கொண்டு எம்பி எம்பிக் குதிக்கிறார்கள். அரைமணி நேரத்தில் ஹீல்ஸ் செருப்பெல்லாம் சுவரோரம் குவிந்துவிட்டது. ஜோடியாக ஆடும் மெதுவான பாட்டு வந்ததும் பாதிப்பேர் தண்ணீர் குடிக்க ஓடி வந்தார்கள். நான்தான் தண்ணீர் மேஜையில் நின்றேன். இவள் ஐந்து தோழிகளோடு போனாள், ஐந்து பேரோடு திரும்பினாள்.

நான் பார்த்து வருந்தியது வேறு. மேஜைக்குப் பக்கத்தில் பச்சைக் கவுன் போட்ட ஒரு பெண் இரண்டு மணி நேரமும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மூன்று முறை தண்ணீர் கொடுத்தேன், மூன்று முறையும் நன்றி சொன்னாள். பையன்கள் கையைப் பிடித்துவிடுவார்களோ என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பெண்ணின் அம்மா என்ன நினைத்துப் புது கவுன் வாங்கிக் கொடுத்திருப்பாள்?

இதை என் ஆபீஸில் ஓர் அக்காவிடம் சொன்னேன். கறுப்பினத்தவர், மிசிசிப்பியில் படித்தவர். "நாங்கள் எல்லாருமே உட்காரவைக்கப்பட்டவர்கள்தான்" என்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வசந்தத்தில் பிராம் என்று பெரிய டான்ஸ் நடக்கும். 1970 வாக்கில் வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது, தெற்கே பல ஊர்களில் பள்ளி பிராம் நடத்துவதையே நிறுத்திவிட்டதாம். வெள்ளைக்காரப் பெற்றோர்கள் தனியாக மண்டபம் பிடித்துத் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தினார்கள். ஒரே பெஞ்சில் படித்தார்கள், ஒரே அணியில் விளையாடினார்கள், டான்ஸ் மட்டும் இரண்டு. மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில், பிள்ளைகள் சேர்ந்து ஆடினால் செலவை ஏற்கிறேன் என்று நடிகர் மோர்கன் ஃப்ரீமன் 1997லேயே சொன்னார். ஊர் கேட்கவில்லை. 2008ல்தான் அது நடந்தது. ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுன்டியில் 2013ல் மாணவிகளே பணம் திரட்டி முதல் பொது பிராமை நடத்தினார்கள். நேற்று மாதிரி இருக்கிறது. உனக்கும் எனக்கும் இது புரியாத விஷயமில்லை. நம் தெருவில் யார் யார் வீட்டுக் கல்யாணப் பந்தியில் யார் உட்காரவில்லை என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழா ஒத்திகையில் உன் அப்பா சைக்கிளோடு வந்து நின்றாரே, "வயசுக்கு வந்த பொண்ணு ஆடினது போதும்" என்று. கோலாட்டக் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். நம் வகுப்பில் உன்னைப் போல் ஆடத் தெரிந்தவர்கள் கிடையாது. உன் இடத்தில் நான் ஆடினேன், தாளம் தப்பித் தப்பி. அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசவில்லை. பெப் ராலியில் நான் அழுதது அதற்குத்தான் என்று வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் புரிந்தது.

இப்போது நீ டீச்சர். உங்கள் அரசுப் பள்ளியில் கலைத் திருவிழாவுக்கு இந்த வருஷம் நீதான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். நன்றாக ஆடுகிற எட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பாய், அது போட்டி, அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் போட்டிக்கு முந்தின நாள் பள்ளி முழுவதையும் மைதானத்தில் கூட்டி, ஒரு மணி நேரம், ஒரு பறையோ தவிலோ வைத்து, எல்லாப் பெண்களையும் ஆடவிட முடியுமா? கடைசி பெஞ்சுப் பெண்களையும் கை பிடித்து இழுத்துவிடு. நீயும் ஆடு. தேதி முடிவானதும் எழுது, நான் லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

மகள் அந்த மம்மைப் படுக்கை அறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். ஏசி ஓடும்போதெல்லாம் மணி ஆடுகிறது. உனக்கும் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், சின்னதாக, நம் பள்ளி யூனிஃபார்மின் ஊதா ரிப்பனில்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி