துரை தனிமையிலா இருந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் பழைய தேயிலைத் தோட்ட பங்களா ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். ரோஜாத் தோட்டம், வெள்ளிக் கரண்டி எல்லாம் சரி. தோட்டத்தை நடத்திய துரையின் குடும்பம் மலையுச்சியில் 'தனிமையில்' வாழ்ந்ததாக ஒரு வரி வருகிறதே, அதுதான் தொண்டையில் நிற்கிறது.

நான் பிறந்த தோட்டம் அது. அந்த வீட்டில் சமைக்க அப்பு இருந்தார், பிள்ளை பார்க்க ஆயா இருந்தார். பின்பக்கம் விறகு பிளந்து துரைக்கு வெந்நீர் போட்டவர் என் அப்பா. சித்திரையில் பேரனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சுற்றிக்காட்டிய தம்பி குளியல் தொட்டியைப் பெருமையாகக் காட்டினார். தண்ணீரை யார் சுடவைத்தது என்று கேட்டேன். "அப்பவே பொயிலர் இருந்தது ஐயா" என்றார். பொயிலர் தானே காட்டுக்குப் போய் விறகு வெட்டிவந்து தின்றது போலிருக்கிறது!

எங்களுக்கு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 10க்கு 12 அடி காம்பிரா, ஒரே அறை. லயம் முழுவதற்கும் ஒரே பீலி, தண்ணீர்க் குழாய். விடியுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் அம்மா பேர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்துக்கு ஓடுவார். பிந்தினால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. பங்களா ஜன்னலில் நின்றால் எங்கள் லயத்துத் தகரக்கூரை நேரே தெரியும். உங்கள் கட்டுரையாளர் ஜன்னல் பக்கம் போகவில்லையாக்கும்.

இலங்கையில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாக ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையை எத்தனை தடவை பிரசுரித்துவிட்டீர்கள். காட்டை வெட்டியதும் அவரேதானா? 1948இல் எங்கள் பிரஜாவுரிமை பறிபோனதும், 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து எங்களில் 525,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கணக்கில்தான் என் அக்கா தமிழ்நாட்டுக் கூடலூர் போனார். மே தினத்துக்கு மட்டும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் படம் போடுகிறீர்கள், அதுவும் சிரித்த முகமாகப் பார்த்து. கம்பளைப் பக்கம் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கால் பக்கம் கூடவா கிடைக்காது?

அப்புறம் ஒன்று. எங்கள் ஆட்கள் மலைநாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று போட்ட 'மலையகம் 200' சிறப்பிதழுக்கென்று 2023இல் அப்பாவின் படத்தை அனுப்பியிருந்தேன். வரவில்லை. இடம் இருந்திருக்காது, பரவாயில்லை. படத்தையாவது திருப்பி அனுப்பிவிடுங்கள். கோடரியோடு பங்களாவின் பின்கதவடியில் நிற்பார். எங்களிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். முத்திரை ஒட்டிய உறையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
ஹட்டன்.