மானியம் வந்ததும் மற்ற கை மூடிக்கொள்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று, 'சமக்ர சிக்ஷா' என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்திய அரசின் நிதி, இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல், நிறுத்திவைக்கப்பட்டது. அது அநியாயம், பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் பணம் ஒழுங்காக வந்த வருடங்களில் அது ஏழைப் பிள்ளைகளுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பேச வேண்டும்.

வடசென்னையில் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தேன். சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. 100 பேருக்கு மேல் 250 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அந்த வருடம் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்களும் எழுத்து அட்டைகளும் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டோம். அதற்குள் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. பள்ளிப் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்களிடம் சரிசெய்து தரும்படி எழுதிக் கேட்டால், "உங்களுக்குத்தான் மானியம் வந்திருக்கே, அதிலயே பார்த்துக்கோங்க" என்று பதில். கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மதியமே வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வது? மோட்டார் வாங்கினோம். புத்தகம் வாங்கவில்லை.

கணக்கில் பார்த்தால் மானியம் முழுதும் செலவாகியிருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்களுக்குத்தான் செலவு மிச்சம். பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. 1965இல் ஏழை மாணவர்களுக்காக 'டைட்டில் ஒன்' என்ற நிதியை அந்நாட்டு மத்திய அரசு தொடங்கியது. சில பள்ளி மாவட்டங்கள் அதைத் தங்கள் வழக்கமான செலவுக்கே எடுத்துக்கொண்டன. பிறகு 1970இல், இந்தப் பணம் உள்ளூர் நிதிக்கு மேல் சேர வேண்டும், அதற்குப் பதிலாக வரக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

சென்னையில் சொத்து வரியோடு கல்வி வரியும் கட்டுகிறோம். ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் இரண்டு தொகைகளை எழுதிவைக்கட்டும்: இந்த ஆண்டு வந்த மானியம் எவ்வளவு, மாநில அரசும் உள்ளாட்சியும் சொந்த நிதியிலிருந்து அந்தப் பள்ளிக்குச் செலவிட்டது எவ்வளவு. பக்கத்திலேயே போன வருடக் கணக்கும் வேண்டும். இரண்டாவது தொகை குறைந்திருந்தால் ஏன் என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாங்கள் கேட்போம். அடுத்த தவணை வருவதற்கு முன் இதற்கு ஓர் அரசாணை போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை