பனிப்புயல் ஓய்ந்த மறுநாள்தான் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி பிறந்தாலே மணாலி, குல்மர்க் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். ‘கொட்டும் பனி, குதூகலத்தில் சுற்றுலாப் பயணிகள்’ என்று தலைப்பு. படத்தில் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மலையிலிருந்து பனிச்சரிவு எப்போது இறங்கும் என்று ஒரு வரி இருப்பதில்லை.

24 மணி நேரத்தில் 30 செ.மீ. புதுப்பனி விழுந்து, கூடவே காற்றும் அடித்தால் எச்சரிக்கையாக வேண்டும். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கச் சரிவில் குவிக்கும். வானத்திலிருந்து விழுந்ததைவிடப் பல மடங்கு பாரம் அங்கே ஏறிவிடும். அடியில் கிடப்பதோ டிசம்பரில் விழுந்த மெல்லிய பனி. கடுங்குளிரில் சீனிபோல உதிரியாகிவிட்டிருக்கும். மேலே ஒருவர் கால் வைத்தாலே உதிரி அடுக்கு நொறுங்கி, அதன்மேல் இருக்கும் பனிப்பாளம் மொத்தமாகக் கழன்று வரும். சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாவோடு சரி. மலையேறுபவர்களும் பனிச்சறுக்கு ஆடுபவர்களும் பலியாகும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது அவர்களோ, உடன் வந்தவர்களோதான்.

புயல் ஓய்ந்து 24 முதல் 48 மணி நேரம் வரை இந்தப் பாரம் இறுகி நிலைப்படுவதில்லை. ஆனால் அப்போதுதான் வானம் தெளிகிறது, சாலை திறக்கிறது, கார் டிரைவரும் போகலாம் என்கிறார். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த மலைப்பக்கங்களில்தான் பெரும்பாலும் பனிச்சரிவு இறங்குகிறது. சாய்வை அளக்க செல்போன் செயலியே போதும். நாம் நிற்பது சமதளம்தானே என்று இருந்துவிடவும் கூடாது, மேலிருந்து வருவது அங்கேதான் வந்து குவியும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையில் பனிச்சரிவில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தது 15ஆவது மைல் அருகே. அனுமதி 13ஆவது மைல் வரைதான். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம், காலிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாக இறங்கிய தடம்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வந்த வழியே திரும்ப வேண்டும்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள்; நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா 6 நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டு, பிறகு மருத்துவமனையில் இறந்தார். அந்த அதிசயத்தைப் பற்றி எழுதிய அளவுக்கு 15 நிமிடக் கணக்கை யாரும் எழுதவில்லை. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் மூச்சுத் திணறியே இறப்பவர்கள்தான் அதிகம். ஹெலிகாப்டர் அதற்குள் வராது. காப்பாற்றக்கூடியவர்கள் உடன் வந்தவர்கள் மட்டுமே.

எனவே குளிர்கால டிரெக்கிங்கில் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் கருவி, பனியில் குத்தித் தேட குறைந்தது 240 செ.மீ. நீளமுள்ள ப்ரோப் கம்பி, உலோக மண்வாரி. பிளாஸ்டிக் மண்வாரி இறுகிய பனியில் உடையும். செல்போன் டிரான்ஸீவரின் சிக்னலைக் குழப்பும் என்பதால், தேடும்போது அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஆளைக் கடைசியாகக் கண்ட இடத்தை அடையாளம் வைத்து, அங்கிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும். சிக்னல் வலுத்த இடத்தில் 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் கம்பியைக் குத்த வேண்டும். ஆள் மேல் பட்டதும் கம்பியை உருவக் கூடாது. மேலிருந்து குழி பறிக்காமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து கிடைமட்டமாகத் தோண்ட வேண்டும். முகம் தெரிந்ததும் வாயிலுள்ள பனியை எடுத்து, மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். நெஞ்சை அழுத்துவது அதற்குப் பிறகு.

2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்ட் மாணா அருகே பனிச்சரிவில் சிக்கிய 54 சாலைப் பணியாளர்களில் 46 பேர் பிழைத்தார்கள். அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்களுக்குள் காற்று மிஞ்சியிருந்தது பெரிய காரணம். பனிச்சரிவைக் கணிக்கும், சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. முந்தைய நாள் மாலையே அந்த மாவட்டத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தது. மாவட்டவாரியாக வரும் இந்த எச்சரிக்கையை, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானிலைப் பகுதியில் நான்கு வரியாவது வெளியிடுங்கள். டூருக்குப் பணம் கட்டும் வாசகர்களும், எச்சரிக்கை வந்தால் நாளைத் தள்ளிப்போடுவீர்களா, பணம் திரும்ப வருமா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மலையேற்றப் பயிற்றுநர்கள் சிலர்,
கோயம்புத்தூர்