அயர்லாந்தில் சீதனப் பணம் யார் கைக்குப் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்து கிராமத் திருமணங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, "அங்கும் நம்மைப் போலவே வரதட்சணை உண்டு" என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. விளக்க வேண்டியதே அந்த வரிதான்.

1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, அங்கே நிலத்தைத் துண்டு போடுவது நின்றது. பண்ணை முழுவதும் மகன்களில் ஒருவனுக்கு மட்டும். அவனுக்குத் தரகர் பெண் பேசியதும், பெண்ணின் தகப்பனார் நேரில் போய் நிலத்தை நடந்து பார்ப்பார். மாடுகளை எண்ணுவார், மேய்ச்சல் எவ்வளவு, சதுப்பு எவ்வளவு என்று கேட்பார். அக்கம்பக்கத்து மாடுகளை இரவல் வாங்கிக் கட்டிக் கணக்குக் காட்டியவர்களும் உண்டு என்பதால் இதில் யாரும் அவசரப்பட்டதில்லை. சீதனத் தொகை படிந்தால் டவுனுக்குப் போய் வக்கீலிடம் எழுதிக்கொள்வார்கள்.

அந்தப் பணம் மணமக்களிடம் தங்காது. பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகவோ, தம்பி அமெரிக்கா போகும் கப்பல் செலவுக்கோ போய்விடும். ஓர் இடத்தில் பணம் புரளவில்லை என்றால் அடுத்த வீட்டுக் கல்யாணமும் தட்டிப்போகும்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பெரியவர்களுக்கு எழுதிவைக்கும் பங்கு: இருக்க ஓர் அறை (கிளேர் மாவட்டத்தில் அது வீட்டின் மேற்கு அறை), ஒரு பசுவுக்கு மேய்ச்சல், உருளைக்கிழங்கு போடக் கொஞ்சம் நிலம், அடுப்பெரிக்கச் சதுப்புக்கரி, ஞாயிறு பூசைக்கு வண்டியில் இடம். மாமியார் மருமகள் மனக்கசப்பு வந்தாலும் இவற்றில் கை வைக்க முடியாது.

இதன் மறுபக்கம் கொடுமையானது. கல்யாணம் முடியும்வரை நிலம் தகப்பன் பெயரில். அவர் மனம் வைத்தால்தான் கல்யாணம். 1930-களில் கிளேரில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர்கள் ஆரென்ஸ்பெர்க், கிம்பால் இருவரும், நாற்பது வயதைத் தாண்டியவனையும் ஊரார் 'பையன்' என்றே அழைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கல்யாண வீட்டுக்கு வரும் வைக்கோல் முகமூடிக்காரர்களை அந்தக் கட்டுரை 'கலாட்டாக் கும்பல்' என்று எழுதியதும் சரியல்ல. ஓட்ஸ் வைக்கோலில் பின்னிய கூம்புத் தொப்பி முகத்தை மூட, அழைப்பில்லாமல் வந்து, அவர்களின் தலைவன் மணப்பெண்ணோடு ஆடுவான். அவர்கள் வருவது வீட்டுக்கு நல்லது என்றே நம்பினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அன்று திருமணப் பூசை நடந்ததில்லை. ஆகவே அந்தக் காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள்வரை கல்யாணங்கள் நெருக்கியடிக்கும். அதிலும் கல்யாணம் ஆகாமல் நின்றவர்களின் கோட்டு முதுகில், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, கோயிலுக்குப் போகும் வழியில் சிறுவர்கள் சாக்பீஸால் கோடு போடுவார்கள். நிலத்தைக் கொடுக்காத தகப்பன் பக்கத்திலேயே நடந்து வருவார். கோடு விழுவது மகன் முதுகில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை