சைக்கிள் டைனமோ சார்ஜ்: போனுக்கு வேண்டாம், பவர் பேங்குக்குக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை சைக்கிளில் போய்வருகிறவர்கள் பலர். டைனமோவிலிருந்து வயரை இழுத்து நேராகப் போனில் செருகச் சொல்லும் வீடியோக்களை அவர்களும் பார்க்கிறார்கள். அந்த வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம், போனுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் 5 வோல்ட் டிசி.

6 வோல்ட், 3 வாட் டைனமோ மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சுமார் அரை ஆம்பியர் தரும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் ஆம்பியர் பெரிதாக ஏறாது, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளே (காயில்) அதைத் தடுத்துவிடும். கூடுவது வோல்ட்தான். லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் கருவி, இல்லாமல் மேம்பாலத்தில் இறங்கினால் 40 வோல்ட்டையும் தாண்டலாம். சர்க்யூட்டுகள் பெரும்பாலும் புகைவது இதனால்தான்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜுக்கு 1என்5822 ஷாட்கி டயோடு நான்கு, அந்த டிசியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த 2200 மைக்ரோ ஃபேரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, அடுத்து வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 ஸ்டெப் டவுன் மாட்யூல் ஒன்று, ஒரு யுஎஸ்பி சாக்கெட். எல்லாமே ரிச்சி தெருவில் கிடைக்கும். 1என்4007 டயோடு மலிவு என்று அதைப் போட வேண்டாம். பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டயோடு வேலை செய்வதால் ஒன்றரை வோல்ட் வரை அங்கேயே போய்விடும். இருப்பதே 6 வோல்ட். 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் ஐசியும் இதற்கு உதவாது. 5 வோல்ட் கொடுக்க அதற்கு 7 வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும், மிச்சத்தைச் சூடாக்கித் தீர்த்துவிடும்.

வயரிங்கில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டயரில் உரசிச் சுழலும் நம் ஊர் பாட்டில் டைனமோவில் ஒரே வயர்தான் வெளியே வரும், மறுமுனை சைக்கிள் ஃபிரேம். எனவே பிரிட்ஜின் ஏசி கால்களில் ஒன்றை டைனமோ வயரிலும் மற்றொன்றை ஃபிரேமிலும் இணைக்க வேண்டும். டிசி பக்கத்து மைனஸ் மட்டும் ஃபிரேமை எங்கும் தொடக்கூடாது. தொட்டால் நான்கில் ஒரு டயோடு ஷார்ட் ஆகி, பாதி மின்சாரம் வீணாகும். யுஎஸ்பி சாக்கெட்டின் உலோக உறை மைனஸோடு சேர்ந்திருப்பதால், அது ஹேண்டில்பாரில் உரசினாலே இந்தக் கோளாறு வரும். போர்டு முழுவதையும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். ஃபிரேம் இணைப்புக்கு, கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, திருகை இறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவ வேண்டும். எண்ணூர் சாலையின் உப்புக்காற்றில் கிரீஸ் இல்லாத இணைப்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

மாட்யூலை வாங்கியவுடன் அதை எத்தனை வோல்ட்டில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. உள்ளே வரும் பக்கத்தில் 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்து, வெளியே போகும் பக்கத்தில் மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே பித்தளைத் திருகைத் திருப்பி 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். முதல் பல சுற்றுகளுக்கு அளவு நகராமலே இருக்கலாம், மாட்யூல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் கெப்பாசிட்டரில் 35 வோல்ட் என்று போட்டிருந்தால் முதலில் வெடிப்பது அதுதான். எனவே சார்ஜ் ஆகாத நேரத்தில் டைனமோவை டயரிலிருந்து விலக்கி வையுங்கள். சக்கரத்தின் நடுவிலேயே பொருத்தியிருக்கும் ஹப் டைனமோவில் இப்படி விலக்க முடியாது. அதற்கென்றே செய்த சார்ஜர்தான் சரி.

இனி, இந்த யுஎஸ்பி சாக்கெட்டிலும் போனை ஏன் நேராக மாட்டக்கூடாது? ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கப் பார்க்கும். டைனமோ தாங்காமல் வோல்ட் சரியும், சார்ஜ் நிற்கும், லோடு போனதும் வோல்ட் ஏறும், மீண்டும் சார்ஜ் தொடங்கும். சிக்னலில் நின்றாலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் திரை எரிவதால், ஏறியதைவிட இறங்குவது அதிகமாகிவிடும். அரை ஆம்பியரிலேயே சார்ஜ் ஆகும் சின்ன பவர் பேங்க் போதும். ஃபாஸ்ட் சார்ஜ் வகை இதற்குத் தோதுப்படாது. பகலில் பவர் பேங்கை ஏற்றி, தங்கும் இடத்தில் அதிலிருந்து போனுக்குக் கொடுக்கலாம்.

எவ்வளவு ஏறும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யுஎஸ்பியில் கிடைப்பது 2 முதல் 2.5 வாட். 5000 எம்ஏஎச் போன் பேட்டரியில் 19 வாட் மணி அடங்கும். ஆறு மணி நேரம் விடாமல் மிதித்தாலும், இடையில் போகும் இழப்பைக் கழித்தால் அரை பேட்டரிதான் தேறும். பட்டன் போன் என்றால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும். மணிக்கு 12 கி.மீ.க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் ஏறாது. இருட்டினால் சார்ஜை நிறுத்திவிட்டு விளக்குக்குக் கொடுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் மணலி, எண்ணூர் சாலைகளில் விளக்கில்லாமல் போவது உயிருக்கு ஆபத்து.

டைனமோவின் அச்சு சக்கரத்தின் நடு ஆக்சிலை நோக்கி இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் டயரின் பக்கச் சுவரை அரித்துவிடும். மழையில் உருளை வழுக்கினால் ரப்பர் உறை மாட்டலாம்.

'டைனமோ சார்ஜர்' என்று விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை. எந்த வேகத்தில் எத்தனை ஆம்பியர் வரும், அதிகபட்சம் எத்தனை வோல்ட் தாங்கும் என்ற இரண்டையும் பெட்டி மீதே அச்சிடுங்கள்.

சைக்கிள் பயண ஆர்வலர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.