ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வகுப்பு: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வாசகர் மன்றம் செய்த பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். படிப்பகம், கோடைத் தண்ணீர்ப் பந்தல், பொங்கல் கோலப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். செயற்குழுவின் சம்மதத்தோடு, இந்த முறை என் அறிக்கையின் பெரும்பகுதியைக் கணக்கு வகுப்புக்கே ஒதுக்கிக்கொண்டேன். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும், அதிகம் வாதாடியதும், என்னைப் பொறுத்தவரை அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

ஜூன் மாதம் வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரமே நம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு குறை சொன்னார். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "பிள்ளைங்களுக்குக் கூட்டத் தெரியுது, பெருக்கத் தெரியுது. ஆனா கணக்கை வாக்கியமா எழுதிக் குடுத்தா, படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே 'டீச்சர், இது கூட்டலா கழித்தலா'ன்னு கேக்குறாங்க" என்றார். மறுவாரம் நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். கணக்கில் 'மொத்தம்' என்ற சொல் வந்தால் கூட்டினார்கள், 'மீதி' என்று வந்தால் கழித்தார்கள். இரண்டும் வராவிட்டால் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள்.

பிரான்சில் கிரெனோபிள் என்ற ஊரில் கணித ஆசிரியர்கள் 1979-ல் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கப்பலில் 26 செம்மறி ஆடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் 36 என்று எழுதிவிட்டார்கள். டீச்சர் அதையே நம் ஊருக்கு ஏற்றபடி ஆடு, மாடு, படகோட்டி என்று மாற்றிக் கேட்டார். இங்கேயும் அதே 36 வந்தது. ஒரே ஒரு பையன் மட்டும் எழுந்து, "படகோட்டியோட வயசு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டான். இந்த ஆண்டு முழுக்க நாம் செய்த வேலை, மற்றப் பிள்ளைகளையும் அந்தப் பையனைப்போல் கேட்க வைப்பதுதான்.

அதற்கு நாம் முதலில் நிறுத்தியது, ஆண்டுதோறும் நடத்திவந்த வேகக் கணக்குப் போட்டியை. ஐந்து நிமிடத்தில் ஐம்பது கணக்கு, முதல் மூன்று பேருக்குக் கோப்பை. இதை நிறுத்தியதில் பல உறுப்பினர்களுக்கு வருத்தம் உண்டு. ஜூலைச் செயற்குழுவில் அது காரசாரமாகவே பேசப்பட்டது. கோப்பை இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போட்டியில் எப்போதும் ஜெயிப்பது அதே நான்கைந்து பிள்ளைகள். தோற்ற பிள்ளைகள் அடுத்த வாரம் வகுப்புக்கு வருவதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுமி மணி அடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வெளியே போனாள். அவளுக்குக் கணக்குத் தெரியும். கை மெதுவாக எழுதும், அவ்வளவுதான். அவள் திரும்பி வரவே இல்லை. செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு எனக்கும் உண்டு.

இதைச் சொன்னதும், வாய்ப்பாட்டை விட்டுவிட்டோம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். விடவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாக்கில் நிற்காத பிள்ளைக்கு அதைக் கண்டுபிடிப்பதிலேயே மூளை களைத்துவிடும், கணக்கை யோசிக்கத் தெம்பு இருக்காது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பதினைந்து நிமிடம் வாய்ப்பாடு சொல்லியே ஆகவேண்டும். நான்காம் வகுப்பில் இன்னும் சிலருக்கு ஆறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் வரவில்லை. பெற்றோர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வாய்ப்பாடு கேட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

கடன் வாங்கிக் கழிப்பதற்கு மட்டும் டீச்சர் வேறு வழி பிடித்தார். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த டி.ஆர். காப்ரேகர், 1949-ல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் சொன்ன விஷயம் இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அப்படியே செய்ய வேண்டும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் 6174-ல் வந்து நிற்கும். அதற்குமேல் நகராது.

பிள்ளைகள் பிறந்த வருடத்தை எடுத்துக்கொண்டார்கள். 2013-ல் பிறந்தவர்களுக்கு 3210-லிருந்து 0123 போக 3087, அடுத்து 8352, அடுத்து 6174. மூன்றே படி. 2014-ல் பிறந்தவர்களுக்கோ 4086, 8172, 7443, 3996, 6264, 4176 என்று சுற்றிவிட்டு ஏழாவது படியில்தான் 6174 வந்தது. ஒரு வருடம் தள்ளிப் பிறந்ததற்கு இத்தனை வேலையா என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அன்று ஒவ்வொரு பிள்ளையும் இருபது முப்பது கழித்தல் போட்டது. சலித்துக்கொண்டு எழுந்தவர் ஒருவரும் இல்லை. நடுவில் ஒரு கழித்தல் தப்பினால் அடுத்த படிகள் பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போகாது, ஆகவே தப்பையும் அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள்.

ஆகஸ்டில் மேலத்தெரு தாத்தா ஒருவர் வகுப்புக்கு வந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், விவசாயி. அன்று பின்னக் கூட்டல் நடந்துகொண்டிருந்தது. பலகையில் 1/20 + 1/80 என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் இரண்டுக்கும் பொதுவான பகுதி எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாத்தா, "மாவும் காணியும் சேர்ந்தா மாகாணி. இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது. கீழ்வாயிலக்கம் என்ற பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதற்குப் பெயர் மாகாணி, வீசம் என்றும் சொல்வார்கள். விடை பெயரிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் இன்றைக்கும் நிலத்தை மா கணக்கில்தான் பேசுகிறோம். இருபது மா ஒரு வேலி. ஆக ஒரு மா என்பது வேலியில் இருபதில் ஒன்று என்று பிள்ளைகள் அன்றுதான் சேர்த்துப் பார்த்தார்கள். பலருடைய வீட்டில் தினமும் புழங்கும் சொல் அது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்த தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அந்தச் சொற்கள் தெரிந்த பெரியவர்கள் யார் வீட்டில் இருந்தாலும் ஒரு ஞாயிறு அழைத்து வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூல் சொல்லும் பலாப்பழக் கணக்கையும் ஜூனிலேயே செய்து பார்த்தோம். காம்பருகில் இருக்கும் சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கை என்பது கணக்கு. இரண்டு பழம் அறுத்தோம். ஒன்றில் விடை நெருங்கி வந்தது, மற்றதில் நிறையவே விலகியது. காம்பருகு என்றால் எந்த வரிசை வரைக்கும் என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாதம். சுளை மீதமில்லாமல் காலியானது.

இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, ‘ஓடும் நீளம்’ என்று தொடங்கும் பழைய பாட்டைப் பரிசோதித்ததுதான். செங்கோண முக்கோணத்தில் கர்ணம் காண வர்க்கமூலம் வேண்டாம் என்கிறது பாட்டு. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளு, மீதியோடு உயரத்தில் பாதியைச் சேர், அதுவே கர்ணம். நான்குக்கு மூன்று என்றால், மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து. பன்னிரண்டுக்கு ஐந்து என்றால், பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. கனகச்சிதம். பாட்டு இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் இந்த இரண்டு உதாரணத்தோடுதான் சுற்றுகிறது. பெருமைப்பட்டுவிட்டு நிறுத்திவிடுவோம்.

நம் பிள்ளைகள் நிறுத்தவில்லை. படிப்பகத்தின் தரையில் ஓரடிக் கற்கள் பதித்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டுக் கல் நீளம், எட்டுக் கல் உயரம் எடுத்துக்கொண்டாள். பாட்டுப்படி ஏழும் நான்கும் பதினோரு அடி. மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தால் அதற்குமேல் ஏறக்குறைய நான்கு அங்குலம் அதிகம். கயிறு தொய்ந்திருக்கும் என்று மூன்று தரம் அளந்தார்கள். கயிற்றின் மேல் தப்பில்லை. அடுத்து 15-க்கு 8 எடுத்தார்கள். உண்மைக் கர்ணம் 17, பாட்டு தருவது 17 ⅛. ஒரு இடத்தில் குறைகிறது, இன்னொரு இடத்தில் கூடுகிறது. ஏன்?

இரண்டு வாரம் அந்தக் கேள்வியைப் பலகையிலேயே விட்டுவைத்தோம். உதவிக்கு வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவிதான் கடைசியில் அவிழ்த்தாள். நீளம் அ, உயரம் ஆ என்று வைத்து, பாட்டும் உண்மையும் சமமாக இருக்கவேண்டும் என்று எழுதிச் சுருக்கினால் (3அ − 4ஆ)(5அ − 12ஆ) = 0 என்று வந்து நிற்கிறது. அதாவது பாட்டு அச்சாகச் சரியாக இருப்பது 4-க்கு 3, 12-க்கு 5 என்ற அந்த இரண்டே வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டும்தான். அந்த இரண்டுக்கும் நடுவில் விழும் முக்கோணங்களில் பாட்டு கொஞ்சம் கூட்டிச் சொல்லும், வெளியே விழுந்தால் குறைத்துச் சொல்லும். தச்சு வேலைக்கோ பந்தல் போடவோ பல நேரம் போதுமான கணக்கு, ஆனால் எல்லா முக்கோணத்துக்கும் ஆன விதி இல்லை. பாட்டைப் பொய்யாக்கிவிட்டோமே என்று ஒரு பெரியவர் வருந்தினார். அவருக்கு என் பணிவான பதில்: எந்த அளவுக்கு நம்பலாம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பிறகுதான் அந்தப் பாட்டு அவர்களுடைய சொத்தானது.

டிசம்பர் 22, தேசிய கணித தினம், இந்த முறை ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. டவுன் பஸ்ஸில் கும்பகோணம் போய், சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்த்தோம். காகிதம் வாங்க வசதியில்லாமல் அவர் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்த கதையை டீச்சர் தெருவில் நின்றே சொன்னார். திரும்பும்போது 1729-ஐப் பற்றிப் பேச்சு வந்தது: இரண்டு விதமாக இரண்டு கனங்களின் கூட்டலாக வரும் எண்களில் அதுவே மிகச் சிறியது. கனம் பெரியது, வர்க்கத்தில் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார்கள். ஒருவன் 65 என்றான், 1-ம் 64-ம், 16-ம் 49-ம். இன்னொருத்தி 50 என்றாள், 1-ம் 49-ம், 25-ம் 25-ம். ஒரே எண்ணை இரண்டு தரம் எடுக்கலாமா என்று தகராறு. பின்சீட்டிலிருந்து ஒரு குரல் 25 என்றது, 9-ம் 16-ம், 0-வும் 25-ம். பூஜ்ஜியம் செல்லுமா என்று அடுத்த தகராறு. நிபந்தனையை மாற்றினால் விடை மாறும் என்பதை ஊர் வருவதற்குள் அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நடத்துநரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்.

ரப்பர் தடை பற்றிப் பெற்றோர் சிலர் கேட்டார்கள். வகுப்பில் தப்பை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது செப்டம்பர் முதல் விதி. ரஃப் நோட்டு அசிங்கமாக இருக்கிறது என்கிறீர்கள். இராமானுஜனுக்கு அழிப்பதைத் தவிர வழியில்லை. நம் பிள்ளைகளுக்கு மன்றம் நோட்டு வாங்கித் தருகிறது. எங்கே வழி தவறினோம் என்று திரும்பிப் பார்க்க அந்த அடித்த வரி வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்கும் பயிற்சி கொடுத்தோம். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம் மாதம் ஆயிரம் ரூபாய். பல வீடுகளுக்கு அது பெரிய தொகை. அங்கே நேரம் பார்த்து எழுதத்தான் வேண்டும். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கடைசி இரண்டு மாதம் கடிகாரம் வைத்தோம்.

குறையையும் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்பு தாண்டியதும் பெண் பிள்ளைகள் வருவது குறைகிறது. ஞாயிறு காலையில் வீட்டு வேலை அவர்கள் தலையில் விழுகிறது. தம்பிகள் வருகிறார்கள், அக்காக்கள் வருவதில்லை. கயிறு பிடித்து அளந்த அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணே ஜனவரிக்குப் பிறகு இரண்டு முறைதான் வந்தாள். வரும் ஆண்டு பெரிய பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலை தனி வகுப்பு என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

இடம் தந்த நூலகருக்கும், பலாப்பழம் தந்த உறுப்பினருக்கும், சம்பளம் வாங்காமல் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்த டீச்சருக்கும் மன்றத்தின் நன்றி.

போட்டிக்குப் பதிலாகப் படிப்பக வாசலில் வாரம் ஒரு கணக்கு எழுதிவைக்கிறோம். பொங்கலுக்கு முந்தின வாரம் எழுதியது இது: கேரம் போட்டியில் 23 பேர், தோற்றவர் வெளியே, மொத்தம் எத்தனை ஆட்டம்? பெரிய பிள்ளைகள் சுற்று சுற்றாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எதையும் கூட்டாமல் 22 என்றாள். எப்படி என்று டீச்சர் கேட்டார். "ஜெயிச்சவங்களைத் தவிர எல்லாரும் ஒரு தரம் தோக்கணும்ல, டீச்சர்" என்றாள். ஜூனில் ஒவ்வொரு கணக்குக்கும் கூட்டலா கழித்தலா என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

இந்த வாரக் கணக்கும் வாசல் பலகையில் இருக்கிறது. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன். வணக்கம்.

செயலாளர்